வளைந்த பந்தும் திரும்பிய தலையும்

2024 ஜூலை 9, மியூனிக். யூரோ கோப்பை அரையிறுதியில் பிரான்ஸ் ஒரு கோல் முன்னிலை. 21-வது நிமிடம், பெனால்டி கட்டத்துக்கு வெளியே ஸ்பெயினின் லமின் யமாலிடம் பந்து. எதிரே பிரான்ஸின் ரபியோ. உடலைச் சற்று அசைத்துக் காட்டிவிட்டு, பந்தை இடப்பக்கம் நகர்த்தி, இடதுகாலால் அடிக்கிறார் யமால். கம்பத்துக்கு வெளியே போவதுபோலக் கிளம்பிய பந்து உள்ளே வளைந்து, கம்பத்தின் உட்பக்கம் பட்டு வலைக்குள் விழுகிறது. பதினேழாவது பிறந்தநாளுக்கு இன்னும் 4 நாள் பாக்கி. யூரோ வரலாற்றில் அவ்வளவு சிறிய வயதில் யாரும் கோல் அடித்ததில்லை.

பந்து ஏன் வளைந்தது? பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் ஓரத்தைத் தேய்த்து அடித்தால் அது சுழன்றுகொண்டே பறக்கும். சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றை இழுத்து ஒரு பக்கமாகத் தள்ளும். காற்று பந்தை மறுபக்கம் தள்ளும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். கிரிக்கெட்டில் சுழற்பந்து தரையைத் தொடும் முன்பே காற்றில் விலகுவதும் இதனால்தான்.

இடதுகால்காரரை வலது விங்கில், அதாவது களத்தின் வலது ஓரத்தில், நிறுத்துவதன் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. அவர் உள்ளே வெட்டி வந்து அடிக்கும் பந்து இடமிருந்து வலமாக வளையும். தூரத்துக் கம்பத்துக்கு வெளியே சுற்றி வந்து கோலுக்குள் நுழையும். கோல்கீப்பர் எட்டிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பந்து அவர் கைக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கும்.

சரி, ரபியோ ஏன் தடுக்கவில்லை? கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் பொய்யசைவை நம்பி எடையை ஒரு காலில் ஏற்றிவிட்டால், அந்தக் காலடியை முடிக்காமல் திரும்ப முடியாது. விங்கர் தேடுவது அந்த ஒரு நொடிக்கூறைத்தான்.

அதைத் தேட யமால் கற்ற இடம் பார்சிலோனா கிளப்பின் லா மாசியா. 1702-இல் கட்டிய பண்ணைவீடு ஒன்றில் 1979-இல் தொடங்கிய பயிற்சிக்கூடம். 2011-இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. மத்தாரோ நகரின் உழைப்பாளர் பகுதியான ரோகாஃபோண்டாவில் வளர்ந்த யமால், ஏழு வயதில் இந்த அமைப்புக்குள் வந்தார். 15 வயதில் முதல் அணிக்கு ஆடினார். கோல் போட்டதும் விரல்களால் அவர் காட்டிய 304, ரோகாஃபோண்டா அஞ்சல் எண்ணின் கடைசி மூன்று இலக்கம்.

லா மாசியாவில் அன்றாடப் பயிற்சி ‘ரோண்டோ’. வட்டமாக நிற்பவர்கள் பந்தைப் பாஸ் செய்ய, நடுவில் ஓரிருவர் அதைப் பறிக்கப் பார்ப்பார்கள். வட்டம் சிறியது, ஒன்றிரண்டு தொடுதலில் பந்தைக் கைமாற்ற வேண்டும். பந்து வந்த பிறகு யோசித்தால் பறிபோய்விடும். யாருக்குக் கொடுப்பது என்று முன்னமே பார்த்து வைத்திருக்க வேண்டும். கால் பழகும் முன் கழுத்து பழகிவிடும்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் ஆட்டக்காரர்களின் தலைத் திரும்பலையே பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்தவர். பந்து வரும் முன் அடிக்கடி சுற்றுமுற்றும் பார்ப்பவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்பது அவர் கண்டது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது சற்று நேரம் பந்தை விட்டுவிடுங்கள். பந்து வராத விங்கரின் தலையைக் கவனியுங்கள். தோளுக்குப் பின்னால் ஒருமுறை, நடுக்களத்தை ஒருமுறை என்று அது திரும்பிக்கொண்டே இருக்கும். வளையப்போகும் பந்துக்கு இடம் அப்போதே பார்த்தாகிவிட்டது.