மாவுச்சத்தைக் குறைப்போரும் கொலஸ்ட்ரால் கணக்கும்

ஜனக்புரிப் பூங்காவில் காலை நடைக்கு வருவோரின் பேச்சு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை அகவிலைப்படியையும் ஊதியக் குழுவையும் ஓய்வூதியத்தையும் சுற்றியே அமைந்திருந்தது. இன்று அந்த இடத்தைச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பிடித்துக்கொண்டுள்ளன. ரொட்டியையும் சோற்றையும் ஒதுக்கி, பனீரும் நெய்யும் உண்டு, மூன்றே மாதங்களில் எட்டுக் கிலோ எடை குறைத்தவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கிறார். அவருடைய அனுபவமே ஏனையோருக்கு அறிவுரையாகிவிடுகிறது. அவ்வறிவுரையை ஏற்றவர்களுள் நானும் ஒருவன். அதனால் விளைந்த நன்மையும், அதனுடன் சேர்ந்தே வந்த ஒரு சிக்கலுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மாவுச்சத்தைக் குறைக்கவேண்டும் என்ற கருத்து வெறும் நாகரிகம் என்று ஒதுக்கத்தக்கதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேர், நீரிழிவு உள்ளவர்கள் என்றும், 24 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதி என்றும் அவை காட்டின. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளியாயிற்று. நாம் உண்ணும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது; புரதத்தின் பங்கு 12 சதவீதமே. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவது மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தே குறையவேண்டும் என்பது அதன் முக்கியமான முடிவு. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியதையே பெரும் சீர்திருத்தமாகக் கருதிவரும் டில்லித் தமிழர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் அதே ஆய்வு சொல்லும் மற்றொரு செய்தி பூங்காப் பேச்சில் இடம்பெறுவதில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரிகளில் 5 சதவீத அளவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்துக் கணக்கிட்டபோதுதான் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. தட்டிலிருந்து எதை எடுத்தோம் என்பதோடு, அங்கே எதை வைத்தோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது பழகிய செய்தி: ஒரு பண்டத்தின் நுகர்வு குறையும்போது மாற்றுப் பண்டம் எது என்று கேட்காமல் விளைவைக் கூற இயலாது.

இரண்டு பரிசோதனைத் தாள்கள்

என் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உணவை மாற்றுவதற்கு முன் மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 230. (அளவுகள் யாவும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் மில்லிகிராம்.) நான்கு மாதங்களுக்குப் பின் அவை முறையே 222, 44, 120. டிரைகிளிசரைடு ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. உடலைக் காக்கும் கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். சற்று உயர்ந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2-இலிருந்து 5.7-க்கு இறங்கியிருந்தது. வீட்டில் மகிழ்ச்சி. மருத்துவர் மட்டும் தாளின் கடைசி வரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

அந்த வரி எல்.டி.எல். பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் அதனை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃபிரீட்வால்டு என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சூத்திரத்தைக்கொண்டு கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கவேண்டும். முதல் தாளில் 190-இலிருந்து 38-உம் 46-உம் கழிய, மிகுவது 106. இரண்டாவதில் 222-இலிருந்து 44-உம் 24-உம் கழிய, மிகுவது 154. இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்கும் சரக்கு நான்கு மாதங்களில் 48 புள்ளிகள் ஏறியிருந்தது.

டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு இச்சூத்திரம் பிழைபடக்கூடும். 400-க்கு மேல் அது பயன்படாது. எனவே மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்து வரும் எண்ணையும் பார்க்குமாறு இந்திய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100-க்கும், இந்த எண் 130-க்கும் கீழே இருக்கவேண்டும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு முறையே 70-க்கும் 100-க்கும் கீழே. என் தாள்களில் இந்த எண் 152-இலிருந்து 178 ஆகியிருந்தது. எச்.டி.எல். உயர்ந்துவிட்டது, ஆகவே மற்றது எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வது, வரவு கூடியதைக் காட்டிக் கடன் பெருகியதை மறைக்கும் வரவுசெலவுத் திட்டத்தைப் போன்றது.

கல்லீரலில் நடப்பது

தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. மாவுச்சத்து குறைந்தால் அது விரைவில் இறங்குவதற்கு இதுவே காரணம். எல்.டி.எல். கதை வேறு. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் அணுக்களின் மேல் உள்ளன. இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே பிரவுன், கோல்டுஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெய், வெண்ணெய், பாலாடை, தேங்காயெண்ணெய், பனையெண்ணெய் ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் வேலையை மந்தப்படுத்துகிறது. துகள்கள் வெளியேறாமல் இரத்தத்திலேயே தங்குகின்றன. மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்த மெலிந்த உடலினர் சிலருக்கு எல்.டி.எல். வியப்பூட்டும் அளவுக்கு ஏறுவதும் அண்மை ஆண்டுகளில் பதிவாகியுள்ளது. ஆகவே ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்கும் பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வரம்பு. நாளொன்றுக்கு 1,800 கலோரி உண்பவருக்கு இது 20 கிராம். இனி எனது அந்நாளைய உணவைப் பார்ப்போம். முழுக்கொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கவேண்டும் என்பது விதி. அரை லிட்டரில் ஏறத்தாழ 30 கிராம். பால்கொழுப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் நிறைவுற்றது. ஆக 18 கிராம். பனீர் 150 கிராமில் மற்றொரு 18 கிராம். இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் அதே அளவு. மொத்தம் 54 கிராம், அதாவது வரம்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். முட்டைகூட உண்ணாத ஒரு சைவரின் கணக்கு இது.

இப்போது ஒரு மாற்றுக் கணக்கு. மாவுச்சத்தை 62 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்க 1,800 கலோரியில் 216 கலோரியைக் குறைத்தால் போதும். இது ஏறத்தாழ 70 கிராம் பச்சை அரிசி. அக்கலோரிகளை நெய்யால் நிரப்பினால் 24 கிராம் நெய் வேண்டும். அதில் நிறைவுற்ற கொழுப்பு 14 கிராமுக்கு மேல். வேர்க்கடலையால் நிரப்பினால் 38 கிராம் கடலை. அதில் நிறைவுற்ற கொழுப்பு 3 கிராம் அளவுதான், கூடவே 9 கிராம் புரதமும் கிடைக்கும். அரிசி குறைந்தது இரண்டிலும் ஒரே அளவுதான். பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா ஆகியவற்றில் மாவுச்சத்தும் உண்டென்பது உண்மை. ஆயினும் அவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நவராத்திரிச் சுண்டலை ஒன்பது நாட்களோடு நிறுத்தியது நம் பிழை.

பஞ்சாபியரின் நெய்

“எங்கள் பாட்டனார்கள் நெய்யிலேயே வாழ்ந்தார்கள்” என்பது ஜனக்புரியில் அடிக்கடி கேட்கும் வாதம். இதற்குச் சான்றும் உண்டு. மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை ரயில்வே ஊழியர்களிடையே ஏற்பட்ட இதயநோய் மரணங்களை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார். பால்கொழுப்பைப் பல மடங்கு அதிகமாக உண்ட வடக்கத்தியரைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடையே இம்மரணங்கள் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாக இருந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக்கொண்ட கணக்கு, அலட்சியப்படுத்த இயலாது.

எனினும் இரு வட்டாரத்தாரிடையே வேறுபட்டது கொழுப்பு மட்டுமன்று. உண்ணும் முறை, உடலுழைப்பு, நோயைக் கண்டறிந்து பதிவு செய்யும் வசதி எனப் பலவும் வேறுபடக்கூடியவை. அத்துடன், 1980-களில் டில்லி நகரில் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வில் வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 97 பேருக்கு இதயநோய் காணப்பட்டது. அருகிலிருந்த குர்காவ் கிராமங்களில் 27 பேருக்கு. நெய் ஒரு கேடயமாக இருந்திருப்பின் தலைநகரில் அது ஏன் காக்கவில்லை? வயலில் நின்ற பாட்டனாரின் நெய்யும், கோப்பின் முன் அமர்ந்த பேரனின் நெய்யும் ஒரே கணக்கில் வாரா.

எண்ணெயைப் பற்றிச் சில சொற்கள். வனஸ்பதி வழியே வந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத வரம்பு விதிக்கப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றம். கடுகெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. ஆயினும் 1998-இல் பிரம்மதண்டு எண்ணெய்க் கலப்படத்தால் டில்லியில் பலர் மாண்டபின், எங்கள் வீட்டைப்போல் பல தமிழ் வீடுகள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவோடு இருந்தால் போதுமானவை.

இவையெல்லாம் மாதச் சம்பளம் பெறுவோரின் சிக்கல்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 80 கோடிக்கும் மேற்பட்டோருக்கு 2023 முதல் தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. பசியைத் தடுப்பதில் அதன் பணி அளப்பரியது; ஆனால் இலவசமாகக் கிடைப்பது மாவுச்சத்தே. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத்தில் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் தரப்படுகின்றன. பருப்பு பாராட்டத்தக்கது. கொழுப்பில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றதாயுள்ள பனையெண்ணெய் அதே பையில் வருவதைத்தான் திட்டமிடுவோர் சிந்திக்கவேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தானியத்தைத் திடீரெனக் குறைத்தல் ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். மற்றவர்களும் உணவை மாற்றுமுன் ஒரு முறையும், மூன்று மாதங்கள் கழித்து ஒரு முறையும் இரத்தக் கொழுப்பைச் சோதித்துக்கொள்வது நலம்.

என் வீட்டில் முழுக்கொழுப்புப் பால் நின்று, ஒன்றரை சதவீதக் கொழுப்புள்ள பால் வருகிறது; புரதத்தில் குறைவில்லை. பனீரை அதே பாலில் வீட்டிலேயே திரிக்கிறோம். கடையில் விற்பதைப்போல் மிருதுவாக வருவதில்லை. நெய் ஒரு தேக்கரண்டி. சோறு பகலில் ஒரு கரண்டி. மிகுதியிடத்தில் கடலையும் பருப்பும் காய்கறியும். அண்மைத் தாளில் மொத்தம் 186, எச்.டி.எல். 44, டிரைகிளிசரைடு 125. சூத்திரப்படி எல்.டி.எல். 117. சர்க்கரை ஏறவில்லை. 117-உம் 100-க்கு மேலே என்பதை மருத்துவர் நினைவூட்டினார். மாத்திரை வேண்டுமா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பின் பார்ப்போம் என்றிருக்கிறார்.