உடற்பயிற்சி விஞ்ஞானம்: படிப்பும் பழக்கமும்

"பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று ஊரிலிருந்து வந்த பெரியவர் வினவும்போது, பொறியியல் என்றோ மருத்துவம் என்றோ விடையிறுப்பது எளிது. உடற்பயிற்சி விஞ்ஞானம் என்று சொன்னால், "ஓகோ, டிரில் மாஸ்டர் வேலைக்கா?" என்ற மறுவினா உடனே பிறக்கும். கேட்டவர்மீது குற்றமில்லை. நம் நாட்டில் இத்துறை அவ்வழியாகவே வளர்ந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1957-இல் குவாலியரில் ராணி லட்சுமிபாயின் பெயர் தாங்கிய கல்லூரியும், 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிலையமும் தோன்றின. ஆசிரியரையும் பயிற்சியாளரையும் ஆக்குவதே அந்நாளைய முதல் நோக்கம். உடல் உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் தசைகளும் என்ன செய்கின்றன என்பதை அளந்து ஆராயும் விஞ்ஞானம் பின்னரே தனிப் படிப்பாக உருவெடுத்தது.

இன்று வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுள் சிலரும் இப்படிப்பை நாடுகின்றனர். அவர்களும் அவர்தம் பெற்றோரும் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். பட்டப் படிப்பின் மூன்று ஆண்டுகள் விரைந்து கழிந்துவிடும். இறுதி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்முறை அனுபவத்தையும் ஆராய்ச்சிப் பழக்கத்தையும் தள்ளிப்போடும் மாணவன், மதிப்பெண் பட்டியலை மட்டும் கையில் ஏந்தி வெளியேறுகிறான். அவனை நம்பி ஒரு விளையாட்டு வீரனையோ நோயாளியையோ ஒப்படைக்க எவரும் துணிய மாட்டார்.

ஆராய்ச்சி என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளை நினைத்து மலைக்க வேண்டுவதில்லை. நாடித் துடிப்பையே எடுத்துக்கொள்வோம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். எண்ணும்போது ஒரு துடிப்புத் தவறினால், கணக்கில் நான்கு துடிப்புத் தவறிவிடும். ஒரே ஆளை ஒருவன் அளந்து 68 என்கிறான். மற்றொருவன் அளந்து 76 என்கிறான். எது சரி? இந்த வினாவே ஆராய்ச்சியின் வாயில். ஒரே மனிதரை, ஒரே வேளையில், ஒரே அளவு ஓய்வுக்குப் பின், காப்பி அருந்துமுன் பல நாள் அளந்து பார்த்தாலன்றி விடை கிட்டாது. இதற்குத் தேவையானவை ஒரு கடிகாரமும், ஒரு குறிப்பேடும், பொறுமையும்தான். முதலாண்டு மாணவனே இதைச் செய்யலாம்.

சற்று மேலே சென்றால் படியேறும் சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இளைஞர்களின் உடல் திறனை அளப்பதற்காக அமைக்கப்பட்டது இது. இருபது அங்குல உயரமுள்ள மேடையில் நிமிடத்திற்கு முப்பது முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பின்னர் உட்கார்ந்து, முதல் நிமிடமும் இரண்டாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் முடிந்தவுடன் அரை நிமிடம் வீதம் மும்முறை நாடி எண்ணப்படும். எண்ணிக்கை 80, 68, 60 என்று வந்ததாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 208, அதன் இருமடங்கு 416. ஏறி இறங்கிய 300 விநாடியை நூறால் பெருக்கி 416-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 72 என்னும் குறியீடு கிடைக்கும். அதிகமாக இருந்தால் நல்லது. இதைப் பாடநூலில் ஐந்தே வரியில் படித்துவிடலாம். ஆனால் செய்து பார்த்தவனுக்கே தெரியும் வேறொன்று உண்டு. உழைப்பு நின்ற கணத்திலிருந்து நாடி விரைவாகத் தணியும். எண்ணத் தொடங்குபவன் பத்து விநாடி தாமதித்தாலும் எண்ணிக்கை குறைந்து, சோதிக்கப்பட்டவர் உள்ளதைவிட வலியராகத் தோன்றுவார். குட்டையான உடலமைப்புடையவருக்கு அதே இருபது அங்குலம் எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதும் மேடையருகில் நின்றால்தான் புலப்படும்.

உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் நேயர்கள் ஒரு சூத்திரத்தைக் கண்டிருக்கலாம்: 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்ச அளவு. இது 1971-இல், பிறர் வெளியிட்ட அளவைகளைத் திரட்டிப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லப்பட்டது. 2001-இல் டனாகா என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் பற்பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கும் முறையைக் கூறினர். இருபது வயதினருக்குப் பழைய கணக்கு 200, புதியது 194. அறுபது வயதினருக்குப் பழையது 160, புதியது 166. எந்தக் கணக்கைக் கொண்டாலும் தனி மனிதர் பத்துத் துடிப்பும் அதற்கு மேலும் விலகி நிற்கக் கூடும். இதை அறியாத பயிற்சியாளன் ஒரு முதியவரைச் சுவரில் உள்ள எண்ணுக்காக ஓட வைத்தால் விளைவு என்னாகும்? ஆராய்ச்சிப் பழக்கம் அறிஞர்க்கு மட்டுமே உரிய அணிகலன் என்று நாம் கருதாமைக்கு இதுவே காரணம்.

இந்தப் பழக்கத்தைப் பெறும் வழி, ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவரை இரண்டாம் ஆண்டிலேயே அணுகுவதாகும். "ஏதேனும் வேலை கொடுங்கள்" என்று நிற்பதைவிட, அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு கேள்வியோடு செல்வது மேல். முதலில் கிடைப்பது சில்லறை வேலைதான்: முகமூடிகளைக் கழுவித் துடைப்பது, எண்களைப் பதிவு செய்வது, மூச்சுக் காற்றை ஆராயும் கருவியைச் சோதனைக்கு முன் கலவை அறிந்த வாயுவைக் கொண்டு சரிபார்ப்பது. "காசு கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த எடுபிடி வேலை எதற்கு?" என்று வீட்டார் மனம் வருந்துவதுண்டு. வருந்த வேண்டுவதில்லை. சரிபார்க்கப்படாத கருவி தரும் எண் வெறும் எண்ணே. தசையின் வெப்பத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில், தம் ஓட்ட ஆராய்ச்சிகளில் தாமே ஓடிச் சோதனைப் பொருளாகவும் இருந்தார்.

நம்மவர் வாழும் ஊர்களே நல்ல ஆராய்ச்சிக் களங்கள். தில்லியின் வறண்ட மே மாத வெயிலில் வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். மும்பையின் ஈரக் காற்றிலோ அது சட்டையை நனைத்து வழியுமேயன்றி அவ்வளவாகக் குளிர்ச்சி தராது. கல்லூரி அணியினரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, அருந்திய நீரையும் கணக்கிட்டால், குறைந்த ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை என்று கொள்ளலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோ இழந்தால் அது நூற்றுக்கு இரண்டு. அதற்கு மேல் இழப்பு மிகுந்தால், வெப்ப நாளில் நெடுநேரம் ஓடும் ஆற்றல் குன்றும் என்பது பலர் ஏற்கும் கருத்து. இந்த ஒரு சிறு ஆய்வு, மாணவனை ஆடுகளத்திற்கும் ஆராய்ச்சிக் கூடத்திற்கும் ஒருங்கே அழைத்துச் செல்கிறது. மருத்துவமனைகளின் இதய மறுவாழ்வுப் பிரிவுகளும் பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் மற்றைய களங்கள். ஆனால் அங்கெல்லாம் மேற்பார்வையாளர் அருகில் இருத்தல் வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் சோதனையை அக்கணமே நிறுத்துவதுதான் மாணவன் கற்க வேண்டிய முதல் வித்தை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள நமக்கு அது விட்டுவிட இயலாத பொருள். மனிதரை ஆராயும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்னதாகப் பெறப்பட வேண்டும். பங்கேற்பவரின் இசைவு, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிப் பெறப்பட வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் உள்ளது. குவாலியரில் பயிலும் தமிழ் மாணவன் இந்தியில் இதை விளக்கத் தெரியாவிட்டால், கையொப்பம் கிடைக்கும், இசைவு கிடைக்காது. இரு மொழியும் அறிந்தவனோ, தாராவியில் வாழும் தமிழ்த் தொழிலாளியிடமும் பக்கத்து வீட்டு மராத்தியரிடமும் ஒரே கேள்வியை ஒரே பொருளில் கேட்கக் கற்றிருப்பான். ஊக்கமூட்டும் சொல்கூட அளவை மாற்றும். ஒருவரிடம் "இன்னும் கொஞ்சம்!" என்று கூவிவிட்டு, மற்றவரிடம் மௌனமாக நின்றால் இருவர் அளவையும் ஒப்பிட முடியாது.

பங்கேற்பவர் எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். படியேறும் சோதனையில் ஒருவர் மூன்றாம் நிமிடத்தில் போதும் என்று இறங்கிவிட்டால், குறிப்பேட்டில் 180 விநாடி என்றே எழுத வேண்டும். மீதி 120 விநாடியை மாணவன் தன் ஊகத்தால் நிரப்பலாகாது.