இடம் இலவசம், வாசலை எட்டுவதுதான் பெரும்பாடு!

தனியார் பள்ளியில் சேர இருளர் பிள்ளைகளுக்கு எத்தனை தடை?

சென்னை:-

"தனியார் பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் இலவசம்."

இந்த அறிவிப்பைப் படிக்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் செங்கல்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் ஊர்க்கோடியிலும் குடிசை போட்டு வாழும் இருளர் பழங்குடி மக்களின் காதுக்கு அது எட்டுகிறதா? எட்டினாலும் அவர்கள் பிள்ளை உள்ளே போய் பெஞ்சில் உட்கார முடிகிறதா?

சட்டப் புத்தகத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த இடத்துக்கும் குடிசைக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. அதன் விவரம் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

பாராளுமன்றம் 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

இதன்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை ஏழை மற்றும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் அதில் 10 இடம் இவர்களுக்கு. 8-ம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. அந்தப் பணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

தனியார் பள்ளி நிர்வாகிகள் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, "சட்டம் செல்லும்" என்று தீர்ப்பு வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு.

இருளர்கள் யார்?

பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், பாம்பிலிருந்து விஷம் எடுக்கும் இவர்களது கூட்டுறவு சங்கம் 1978-ல் தொடங்கியது. பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் அந்த விஷம்தான். 2023-ம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற 2 இருளர்களுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஆனால் எல்லா இருளர்களுக்கும் அந்த வாழ்வு கிடைக்கவில்லை. அரிசி ஆலை, செங்கல் சூளை, வயல்வெளி என்று முன்பணம் வாங்கிக் கொண்டு உழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கொத்தடிமை முறை 1976-ம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஆலைகளிலும் சூளைகளிலும் இருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தபடியே இருக்கின்றன.

2011-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 80 சதவீதம். பழங்குடியினரில் 54 சதவீதம்தான்!

ஏப்ரல் மாதம் சூளையில்!

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கணவனும் அவளும் சூளையில் கல் அறுக்கிறார்கள். பிள்ளைக்கு 3 வயது முடிந்துவிட்டது. "நாமதான் படிக்கல, இதுவாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்பது அவள் ஆசை.

முதல் படியே அவளுக்குச் சறுக்குகிறது.

2024-ம் ஆண்டு இலவச இடத்துக்கான விண்ணப்பம் ஏப்ரல் 22-ந் தேதி தொடங்கி மே 20-ந் தேதி முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் ஏறக்குறைய இதே நாட்கள்தான். மழை ஓய்ந்து தை பிறந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போகிறவர்கள், கோடை முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். விண்ணப்பம் வாங்கும் மாதமும் சூளை எரியும் மாதமும் ஒன்று! முன்பணம் வாங்கியவர்கள் நினைத்த நேரத்தில் கிளம்பி வரவும் முடியாது.

விண்ணப்பிப்பதோ கம்ப்யூட்டர் வழியாக. செல்போன் எண், பெற்றோரின் ஆதார், முகவரிச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் கேட்கும்.

சான்றிதழ் எங்கே?

அடுத்த படிதான் பெரிய படி. சாதிச் சான்றிதழ்.

மற்ற வகுப்பினருக்கு இது தாலுகா ஆபீசோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்கு அப்படி அல்ல. 1989-ம் ஆண்டு நவம்பர் முதல் ஆர்.டி.ஓ. தான் கையெழுத்துப் போட வேண்டும். கிராம நிர்வாக அதிகாரி, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று காகிதம் ஒவ்வொரு மேஜையாக ஏறி அங்கே போக வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழங்குடியினர் என்று போலிச் சான்று வாங்கி மருத்துவக் கல்லூரி இடத்தையும் அரசு வேலையையும் பிடித்தவர்கள் பலர். 1994-ம் ஆண்டு மராட்டிய மாநில வழக்கு ஒன்றில், சான்றிதழ்களைத் தீர விசாரிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு விதிமுறைகளையே வகுத்தது.

போலிகளைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையானவர்களும் சிக்கிக் கொள்கிறார்கள் என்பதுதான் வேதனை.

"ஏம்மா, உன் புருஷன் சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லீங்க ஐயா. அவரு பள்ளிக்கூடமே போனதில்லீங்க."

"மாமனார் பேர்ல பட்டா, பத்திரம் ஏதாச்சும்?"

"ஏரிக்கரையில குடியிருக்கறவங்களுக்கு ஏதுங்க பட்டா?"

பேச்சு இத்தோடு முடிந்துவிடும். அப்பனுக்குச் சான்று இல்லாததால் அவன் படிக்கவில்லை. அவன் படிக்காததால் பிள்ளைக்குச் சான்று இல்லை. சுற்றிச் சுற்றி அதே இடம்.

2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலைக்குறவன் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, மகனுக்குச் சான்றிதழ் கிடைக்காத விரக்தியில் சென்னை ஐகோர்ட்டு வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். ஒரு காகிதத்துக்காக ஓர் உயிர்!

நரிக்குறவர்கள் பழங்குடி பட்டியலில் சேரவே நீண்ட காலம் காத்திருந்தார்கள். 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

1 கிலோ மீட்டர், பிறகு குலுக்கல்!

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் இருந்தால்தான் முன்னுரிமை. இருளர் குடியிருப்போ ஊருக்கு வெளியே. தனியார் பள்ளியோ பஸ் போகும் மெயின் ரோட்டில்.

அதையும் தாண்டினால் குலுக்கல். தமிழ்நாட்டில் இந்த 25 சதவீதத்துக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மட்டும் அல்ல. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் விண்ணப்பிக்கலாம். பழங்குடியினருக்கென்று அதில் தனிப் பங்கு இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சூளைத் தொழிலாளி பிள்ளையின் சீட்டும், சொந்த வீட்டுக்காரர் பிள்ளையின் சீட்டும் ஒரே பெட்டியில்தான் விழும்.

உள்ளே போன பிறகு?

குலுக்கலில் பெயர் வந்தாலும் செலவு தீரவில்லை.

அரசுப் பள்ளியில் 1-ம் வகுப்புக்குப் போனால் மத்தியானம் சத்துணவு உண்டு. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. சீருடை, புத்தகம் இலவசம். தனியார் பள்ளியில் சத்துணவு கிடையாது. டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுக்க வேண்டும். ஷூ, டை, வேன், ஆண்டு விழா என்று ஒவ்வொன்றாக வரும்.

புத்தகம், சீருடைக்கு யார் பணம் கொடுப்பது என்று தகராறே நடந்தது. "அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும், பிள்ளையிடம் கேட்கக் கூடாது" என்று 2023-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

இன்னொன்று. இலவசம் 8-ம் வகுப்போடு சரி. 9-ம் வகுப்பு வந்ததும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது டி.சி. வாங்க வேண்டும். 10 வருடம் கூடப் படித்த தோழர்கள் அங்கேயே இருக்க, இவன் மட்டும் வெளியேற வேண்டும்.

2025-ல் நடந்தது

2025-26 கல்வியாண்டில் விண்ணப்பமே குறித்த காலத்தில் தொடங்கவில்லை. மத்திய அரசு நிதி தரவில்லை என்று மாநில அரசு கூறியது. ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு, "மத்திய நிதி வராததைக் காரணம் காட்டி மாநில அரசு தன் கடமையிலிருந்து விலக முடியாது" என்று சொன்னது. நிதி வந்து அக்டோபரில்தான் பணி தொடங்கியது.

அதுவும் எப்படி? அந்த ஆண்டு ஏற்கனவே பணம் கட்டி தனியார் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து தேர்வு செய்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது என்று முடிவானது. ஜூன் மாதம் கட்டணம் கட்ட வழி இருந்தவர்களுக்கு லாபம். வழியில்லாத சூளைத் தொழிலாளி பிள்ளைக்கு ஓர் ஆண்டு போனதுதான் மிச்சம்.

அரசுப் பள்ளி இல்லையா?

"அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கும்போது இவங்களுக்கு எதுக்கு கான்வென்ட்?" என்று கேட்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். அதில் மறுப்பு இல்லை. ஆனால் எந்தப் பள்ளி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் இருக்கிறது என்றால், சூளைத் தொழிலாளிக்கும் அந்த உரிமை வேண்டாமா? பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தானே இந்த 25 சதவீதம்?

தெரிந்து கொள்ள வேண்டியவை

* சாதிச் சான்று கிடைக்கத் தாமதமானால் அத்தோடு விட்டுவிட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்றால், வருமானச் சான்றை வைத்து நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டாம். தாலுகா அளவிலேயே முடியும்.

* வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு அல்லது பெற்றோரின் உறுதிமொழியைக் காட்டலாம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன.

* சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்முகம் வைத்தால் பள்ளிக்கு முதல் முறை 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப்போல் 10 மடங்கு வரை அபராதம்.

கேட்பது ஒன்றுதான்

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தை மாதம் சூளைக்குக் கிளம்பும் முன்பே, கார்த்திகை, மார்கழியில் குடியிருப்புக்கே போய் முகாம் போட்டுச் சான்று கொடுக்கலாம். முடியாத காரியம் அல்ல. 2021-ம் ஆண்டு தீபாவளி அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதல்-அமைச்சரே நேரில் போய், இருளர்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். அன்று ஒரே நாளில் முடிந்தது, மற்ற நாட்களில் ஏன் முடியக் கூடாது?

தாலுகா ஆபீசில் ஒரு பைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக சில அடி தூரம்தான். அது மே மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஜூன் மாதம் அந்தப் பிள்ளை எல்.கே.ஜி.யில் இருக்கும். சேராவிட்டால், அடுத்த தை மாதம் அது மறுபடியும் அம்மாவோடு சூளைக்குப் போகும்.