நன்கௌரிக்கு நான் கொண்டுபோன காய்ச்சல்

"நிக்கோபார் போகிறீர்களா? மலேரியாவோடுதான் திரும்புவீர்கள்" என்று கொல்கத்தா நண்பர்கள் பயமுறுத்தியே என்னைக் கப்பலேற்றினார்கள். அது 2012 பிப்ரவரி. பழங்குடியினர் பகுதிக்கு வேண்டிய அனுமதிச் சீட்டைப் பெற்று, சபையின் சார்பில் நன்கௌரித் தீவில் இரண்டு வாரம் ஊழியம் செய்யப் புறப்பட்டேன். அங்கே ஒரு நிக்கோபாரிக் குடும்பம், தூண்கள்மேல் நிற்கும் தங்கள் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தது. இளநீர், மீன், தாழம்பழக் களி என்று உபசாரத்துக்குக் குறைவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஜெபக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே பல் கிட்டிக்கொண்டது. அந்த வெக்கையிலும் அப்படியொரு குளிர்! அது அடங்கியதும் அனல் காய்ச்சல், பிறகு சட்டை நனைய வியர்வை. மறுநாள் எழுந்து நடமாடினேன். கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சிகூடச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் அதே நேரத்தில் குளிர் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சின் படகில் ஏற்றி எதிர்க்கரைக் கமோர்ட்டாவுக்குக் கொண்டுபோனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த பரிசோதகர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். "அண்ணே, தீவுக்கு வந்து எத்தனை நாளாச்சு?" என்றான். சொன்னேன். "இங்கத்திக் கொசு கடிச்சிருந்தா காய்ச்சல் வர பத்து நாளுக்கு மேல ஆகுமே. முன்னாடி மலேரியா வந்திருக்கா?" வந்திருந்தது, நான்கு மாதத்துக்கு முன், கொல்கத்தாவில். "பதினாலு நாள் மாத்திரை கொடுத்திருப்பாங்களே, முழுசாச் சாப்பிட்டீங்களா?"

நான்காம் நாளே நிறுத்தியிருந்தேன். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே!

நம்மில் பலர் செய்யும் தவறு என்பதால் இதை விளக்கிவிடுகிறேன். கொல்கத்தாவில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. குளோரோகுயின் மாத்திரை மூன்று நாளில் ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொன்றுவிடும், காய்ச்சலும் தணியும். ஆனால் இந்த வகைக் கிருமிகளில் சில ஈரலில் போய் உறங்கிக்கிடக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்து மறுபடி ரத்தத்தில் இறங்கும். அவற்றை ஒழிக்கத்தான் பிரிமாகுயின் 14 நாள். (இந்த மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, ஜி-6-பி.டி. என்ற நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.)

தீவு எனக்கு நோய் தரவில்லை. நான்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். உப்பங்கழித் தண்ணீரில் பெருகும் சண்டைக்கஸ் என்ற அனாபிலிஸ் கொசு அங்கே ஏராளம். 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து கடல்நீர் தேங்கியபின் அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது. கிருமி சுமக்கும் மனிதன் ஒருவன் வந்து படுத்தால் போதும். நான் கொசுவலை இல்லாமல், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வாசலோரம் குழந்தைகளோடு படுத்திருந்தேன். நோய் கொண்டுவரும் விருந்தாளிகள் இப்பகுதிக்குப் புதிதல்ல. 1877இல் வெளியிலிருந்து வந்த தட்டம்மை, பெரிய அந்தமான் பழங்குடியினரைக் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று.

மிஷனரிகள் பட்ட பாடும் உண்டு. 1768இல் நம் தரங்கம்பாடியிலிருந்து மொரேவியன் சபையார் இதே நன்கௌரிக்கு வந்தார்கள். 11 பேர் தீவிலேயே மாண்டார்கள். 13 பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சில காலத்தில் காய்ச்சலாலும் ஈரல் நோயாலும் இறந்தார்கள். 1787இல் பணியையே கைவிட்டார்கள். பல ஆண்டு அங்கிருந்து உயிர் தப்பிய ஹென்சல் எழுதிய கடிதங்களில் இந்தக் கணக்கு இருக்கிறது. கொசுவின் பங்கு அவர்களுக்குத் தெரியாது. ரொனால்டு ராஸ் அதைக் கண்டது 1897இல், செகந்தராபாத்தில். பறவைகளை வைத்து முழுச் சுழற்சியையும் நிறுவியது அடுத்த ஆண்டு நம் கொல்கத்தாவில். பி.ஜி. மருத்துவமனை மதிலில் அவருடைய நினைவுச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போய்வருகிறவன் நான். எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

இந்த முறை 14 நாளும் தவறாமல் விழுங்கிவிட்டு ஊர் திரும்பினேன். அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தபோது, நான் குளிரில் நடுங்கிய நாளிலிருந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. என் பக்கத்தில் படுத்திருந்த ஆறு வயதுப் பேரனுக்கு வைவாக்ஸ் காய்ச்சல். மாத்திரை கொடுத்து இப்போது தேறிவிட்டான் என்றார் பெரியவர். கொசுவின் உடலில் பத்துப் பன்னிரண்டு நாள், பிள்ளையின் உடலில் இரண்டு வாரம், கணக்கு இடிக்கவில்லை. என்னிடமிருந்துதானா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவரோ என் உடம்பைத்தான் விசாரித்தார். "மாத்திரையெல்லாம் சாப்பிட்டு முடித்தீர்களா?" என்று இந்தியில் இரண்டு தரம் கேட்டார்.