விடியும்வரை காத்திருக்கலாகாத காய்ச்சல்

கீமோதெரபி பெற்றுச் சென்ற ஒருவரைப் பத்தாம் நாள் காலையில் அவருடைய மகள் அழைத்து வந்தார். முந்தைய இரவே காய்ச்சல் கண்டதாகவும், பாராசிட்டமால் கொடுத்ததும் தணிந்துவிட்டதால் விடியட்டும் என்று இருந்துவிட்டதாகவும் கூறினார். அதற்குள் நோயாளியின் இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. தீவிர சிகிச்சைக்குப் பின் அவர் நலமடைந்தார். மகளின் கவனிப்பில் குறையில்லை. அந்தக் காய்ச்சலின் பொருளை அவரிடம் எவரும் விளக்கியிருக்கவில்லை.

கிருமிகள் உடலுக்குள் நுழைந்ததும் முதலில் விரைந்து வருபவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள். அவை கிருமிகளை விழுங்கி அழித்துத் தாமும் மடிகின்றன. புண்ணில் காணும் சீழில் பெரும்பகுதி இவ்வாறு மடிந்த அணுக்களே. இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. ஆதலால் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குபவை. புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையும் அவற்றால் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் மருந்து செலுத்திய 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை மிகவும் தாழ்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியவை, 500-க்கும் கீழே இறங்கக்கூடும்.

அந்நாட்களில் தொற்று ஏற்பட்டாலும் சீழ் பிடிக்காது. வீக்கமும் சிவப்பும் தெளிவாகத் தோன்றா. நிமோனியா தொடங்கியிருந்தும் எக்ஸ்ரேயில் புலப்படாமல் போகலாம். ஏனெனில் இவையெல்லாம் வெள்ளணுக்கள் திரண்டு போரிடுவதன் அடையாளங்கள். எஞ்சியுள்ள பிற பாதுகாப்பு அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் மூளையைத் தூண்டி உடல் வெப்பத்தை உயர்த்துகின்றன. பல வேளைகளில் அக்காய்ச்சல் ஒன்றே நமக்குக் கிடைக்கும் அறிகுறி. மாத்திரை அதனைத் தணிக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது.

ஆகவே, வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி அவசியம் இருக்கட்டும். உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, காய்ச்சலின்றியே நோயாளி திடீரெனச் சோர்ந்தாலோ, நள்ளிரவாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். மருத்துவரைக் கேளாமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம். வந்தவுடன், கீமோதெரபி பெற்ற தேதியை முதலில் கூறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்குவதே எங்கள் நோக்கம்.

பரிசோதனையில் அச்சப்பட ஏதுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பலாம். வீணாக அலைந்தோமே என்று அப்போது வருந்த வேண்டாம். அவ்வாறு வருபவர்களைக் கண்டு நாங்கள் மகிழ்கிறோம்.