கான்கிரீட்டைக் கழற்றிய ஆறு

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக் கூரையில் விழும் மழை எங்கே போகிறது? ரோச்சோர் கால்வாயில் இறங்கி, காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அங்கிருந்து எடுத்துச் சுத்திகரித்த பிறகு, குடிநீராகக் குழாய்க்கு வருகிறது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்ப்பிடிப்புப் பகுதிதான். அதனால் இந்தத் தீவில் ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் எப்படி இருக்க வேண்டும் என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, குடிநீரைப் பற்றிய கேள்வியும்கூட.

குடிநீருக்காக வெட்டிய ஏரிகளைப் பயன்பாடு முடிந்தபின் இயற்கையிடம் ஒப்படைத்த நகரங்கள் உண்டு. லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் கைவிடப்பட்ட நான்கு விக்டோரியா காலத்து நீர்த்தேக்கங்கள், 2000ஆம் ஆண்டில் பறவைகளுக்கான ஈரநிலமாகத் திறக்கப்பட்டன. சிங்கப்பூருக்கு அந்த வசதி இல்லை. ஓய்வு கொடுத்து அனுப்ப இங்கே உபரி ஏரி கிடையாது. தண்ணீர் தந்துகொண்டிருக்கும்போதே அதன் கரைக்கு உயிரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது முடியும் என்று இந்நகரம் காட்டியிருக்கிறது.

காடு காத்த நீர், நீர் காத்த காடு

1857இல் செல்வந்தர் டான் கிம் செங், ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைக்க 13,000 டாலர் கொடுத்தார். 1868இல் தாம்சன் சாலை நீர்த்தேக்கம் உருவானது. 1890களில் அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல் அதற்குச் சூட்டினார்கள். 1910களில் காலாங் ஆற்றின் தலைப்பில் ஒரு நீர்த்தேக்கம் வந்தது. அதுதான் இன்றைய லோவர் பியர்ஸ்.

அக்காலத்துச் சிங்கப்பூர் பசுமைத் தீவு அல்ல. காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டி, மண் சலித்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். 1883இல் தாவரவியல் தோட்டக் கண்காணிப்பாளர் நத்தேனியல் கான்ட்லி தந்த அறிக்கை, காடழிப்பின் அளவை அரசுக்கு எடுத்துச் சொன்னது. நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த நிலத்திலோ, எஞ்சிய காட்டைக் காப்பாற்றினார்கள். மழைநீர் வண்டலில்லாமல் ஏரிக்கு வர மரம் வேண்டும் என்பதே காரணம். அங்கே ஏற்கெனவே வெட்டவெளியாய்க் கிடந்த இடங்களிலும் காடு மெல்லத் திரும்பியது. இன்று மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனத்தில் அழுங்கு வாழ்கிறது. தீவில் எஞ்சிய ஒரே பெரிய நன்னீர்ச் சதுப்புக் காடான நீ சூன் அங்கேதான் இருக்கிறது. குடிநீர்த் தேவை காட்டை விழுங்கிவிடும் என்று நினைக்கிறோம். இங்கே அந்தத் தேவைதான் காட்டுக்கு வேலியாக நின்றது.

விதிவிலக்காக, பயன்பாடு முடிந்த நீர்நிலை ஒன்றும் இங்கே உண்டு. ஃபேபர் மலையருகே, 1905ஆம் ஆண்டு வரைபடத்தில் குறிக்கப்பட்ட கெப்பல் ஹில் நீர்த்தேக்கம் காலப்போக்கில் மறக்கப்பட்டது. 2014இல் தேசிய மரபுடைமைக் கழகம் அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, அதைக் காடு மூடியிருந்தது.

நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்கு

ஏரி காட்டுக்குள் தப்பியது. அதிலிருந்து புறப்பட்ட ஆறு தப்பவில்லை. நகரம் வளர வளர வெள்ளமும் வளர்ந்தது. மழைநீரைக் கூடிய விரைவில் கடலுக்குத் தள்ளுவதே அன்றைய தீர்வு. லோவர் பியர்ஸில் தொடங்கும் காலாங் ஆறு, பீஷானை அடையும்போது நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது.

2008இல் மரினா அணைக்கட்டு வந்ததும் கணக்கு மாறியது. விரட்டவேண்டியதாக இருந்த தண்ணீர், சேமிக்கவேண்டியதாயிற்று. ஏற்கெனவே 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ளவையாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் பெரிய சோதனைக்களம் பீஷான்–அங் மோ கியோ பூங்கா. 2009இல் பணி தொடங்கியது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாயிற்று.

கான்கிரீட் இல்லாமல் வெப்பமண்டல மழையைக் கரை தாங்குமா? முதலில் ஒரு சிறு வடிகாலில் பல முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கிளைகளைக் கட்டுக்கட்டாகப் பதித்தார்கள். மண்ணைத் துணியில் பொதிந்து அடுக்கி நாற்று நட்டார்கள். பாறை இடுக்குகளில் போத்து வைத்தார்கள். வேர் பிடிக்கப் பிடிக்கக் கரை இறுகுகிறது. கான்கிரீட் வயதாக ஆகத் தளர்கிறது, வேர் வயதாக ஆக வலுக்கிறது.

பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரியலாம். வெள்ளத்தைத் தாங்கும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியது. வேலி கிடையாது. நீர்மட்டம் உயர்ந்தால் உணர்கருவிகள் கண்டுகொள்ளும், எச்சரிக்கை ஒலிக்கும், மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களையே அடுக்கிப் பூங்காவில் ஒரு குன்றும் அமைத்தார்கள்.

விலங்கு எதையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. தும்பி வந்தது, கொக்கு வந்தது. பின்னர் நீர்நாய்க் குடும்பமே வந்து குடியேறி ஊரின் செல்லமாகிவிட்டது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு பாடுபட்டுச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்த உழைப்பின் மேல்தான் இந்த வெற்றி நிற்கிறது.

நம் பேட்டையின் பங்கு

லிட்டில் இந்தியாவும் நீரால் பிறந்த இடம். ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பில் புல்லும் தண்ணீரும் மிகுந்திருந்ததால் மாட்டுப்பட்டிகள் வந்தன, மாட்டோடு தமிழரும் வந்தார்கள். இப்பகுதிக்கு வழங்கிய கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கே எருமைக் கொட்டில் என்றுதான் பொருள். சதுப்பைத் தூர்த்தார்கள், ஆறு கால்வாயானது. 2015இல் ரோச்சோர் கால்வாய்க்கரையில் நடைபாதையும் செடிகொடிகளும் வந்தன. ஆனால் பீஷானில் கிடைத்த பரந்த புல்வெளி இங்கே இல்லை. சாலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஆறு விரிய இடமில்லாததால், சுவர்கள் நிற்கின்றன.

இடமில்லாத பேட்டையிலும் செய்யக்கூடியது உண்டு. கூரைநீரையும் சாலைநீரையும் செடியும் மணலும் நிறைந்த சிறு மழைத்தோட்டத்தில் நிறுத்தி வடித்துவிட்டால், கால்வாய்க்கு அழுக்கும் வேகமும் குறைந்தே போகும். இன்னொன்று நம் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. சமையலறைக் கழிவு முதலாவதில் போகவேண்டும். கடைவாசல் வடிகாலில் கொட்டும் எண்ணெய் மரினாவை நோக்கித்தான் போகும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. அங்கே ஏரியைச் சீரமைப்பது என்றாலே பல இடங்களில் கரைக்குக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நடுவதாகிவிட்டது. கோரையும் நாணலும் சகதியும் உள்ள கரைதான் மீன் முட்டையிடும் இடம், அழுக்கை வடிகட்டும் இடம். அதை மூடிவிட்டால் எஞ்சுவது தண்ணீர் நிற்கும் தொட்டிதான்.

கான்கிரீட் கால்வாய்கள் சிங்கப்பூரில் இன்னும் ஏராளம். பழசாகும் ஒவ்வொன்றையும் ஒருநாள் புதுப்பித்தே ஆகவேண்டும். அப்போது அதே அச்சில் மறுபடி வார்ப்பதா, அகலமும் வளைவும் வேரும் தருவதா என்ற கேள்வி எழும். பொறியாளர்களிடம் விடை இருக்கிறது, பீஷானில் செய்து காட்டிவிட்டார்கள். அந்த விடைக்குத் தேவையான நிலத்தை ஒதுக்கும்படி கேட்கவேண்டியவர்கள் கால்வாயோரம் குடியிருக்கும் நாம்.