டென்னிஸ் கேமில் பந்து தப்புவது ஏன்?

பாடாலூரில் அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஆன்லைன் டென்னிஸ் கேமில் தோற்றுக்கொண்டே இருந்த அக்கா மகன், "கை வேகம் பத்தலை மாமா" என்றான். கம்ப்யூட்டரையே எதிராளியாக வைத்து ஆடச் சொன்னேன். சுலபமாக ஜெயித்தான். அப்படியானால் கோளாறு இன்டர்நெட் இணைப்பில்!

நீங்களும் சோதிக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, வரும் கட்டத்தில் சிஎம்டி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோவில் பிங் என ஆங்கிலத்தில் அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு 8.8.8.8 கொடுத்து மீண்டும் என்டர் தட்டுங்கள். தகவல் போய்த் திரும்பும் நேரம் மில்லி செகண்டில் தெரியும். (கேம் சர்வர் வேறு இடத்தில் இருக்கும்; இது தோராயம்தான்.) 100 என்று வந்தால், நொடிக்கு 60 முறை மாறும் திரையில் 6 படங்கள் ஓடிவிடும். அதற்குள் பந்து உங்களைத் தாண்டியிருக்கும்.

இந்த எண் 40, 300 என்று தாவுவது இன்னும் தொல்லை. அக்கா வீட்டில் அதுதான் நடந்தது. பக்கத்து அறை மொபைலில் சினிமா டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்தது! அதை நிறுத்தி, வைஃபைக்குப் பதில் கேபிள் செருகினோம்.

இனி ஆட்டம். பந்து வருமுன் ஒரு கணம் முந்தியே கிளிக் செய்யுங்கள். அடித்ததும் நடுவுக்குத் திரும்புங்கள். எதிராளி இல்லாத மூலைக்கு அனுப்புங்கள். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. நம் ரமேஷ் கிருஷ்ணன் 1986 விம்பிள்டன் கால் இறுதிவரை போனது பலத்தால் அல்ல, இடம் பார்த்து அடித்ததால்தான்.

அன்று மாலையும் பையன் தோற்றான். ஆனால் 6-4.